இந்திய விமானி உரிமத்திலிருந்து ஐரோப்பிய வணிக உரிமத்துக்கு: எங்கே தொடங்கி எப்படிப் போவது

உரிமத்தை ‘மாற்றிக்கொள்வது’ என்று பைலட்டுகளாகிய நாம் சொல்லும்போது, ஏதோ ஓர் அலுவலகத்தில் பழைய அட்டையைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வருவது போன்ற எண்ணம் வந்துவிடுகிறது. தனியார் உரிமமான பிபிஎல்லைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பெரிய தவறில்லை. வணிக உரிமம் என்று வந்துவிட்டால் நிலைமை வேறு. இந்தியாவின் டிஜிசிஏ, அமெரிக்காவின் எஃப்ஏஏ, அமீரகத்தின் ஜிசிஏஏ போன்ற அமைப்புகள் வழங்கிய சிபிஎல் (வணிக விமானி உரிமம்), ஏடிபிஎல் (விமான நிறுவனக் கேப்டனுக்கான உயர்நிலை உரிமம்) ஆகியவற்றை ஐரோப்பா நீங்கள் பறந்த மணிகளுக்கான சான்றாக மதிக்கும். எழுதித் தேறிய தேர்வுகளுக்கான சான்றாக மதிக்காது. ஆகவே 20 ஆண்டுகள் ஏர்பஸ் ஓட்டிய கேப்டனும், சென்ற மாதம் சிபிஎல் வாங்கிய இளைஞரும் ஒரே 13 தாள்களைத்தான் எழுத வேண்டும். இதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு மற்ற வேலைகள் ஒழுங்காக நடக்கும். குறுக்கு வழி எங்காவது இருக்கும் என்று தேடுகிறவருக்குப் பணமும் மாதங்களும் கரையும்.

இந்தக் கட்டுரை இந்திய உரிமம் வைத்திருப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் முதலாம் இணைப்பின்படி உரிமம் வழங்கும் வேறு எந்த நாட்டின் பைலட்டுக்கும் பாதை ஏறக்குறைய இதேதான்.

உரிமம் தருவது யார்?

ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமையை நாம் இயாசா என்கிறோம். அதன் தலைமையகம் ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கிறது. ஆனால் உங்கள் கைக்கு வரும் உரிமத்தை அச்சிட்டுக் கையெழுத்திடுவது இயாசா இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகள், அவற்றோடு நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்து என மொத்தம் 31 நாடுகளின் விமானத் துறைகளே உரிமம் வழங்குகின்றன. எல்லோருக்கும் விதி ஒன்று: 1178/2011 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறையின் முதல் இணைப்பான பார்ட்-எஃப்சிஎல். வெளிநாட்டு உரிமம் வைத்திருப்பவர்களுக்கான நிபந்தனைகள் 2020ஆம் ஆண்டு வந்த 2020/723 என்ற ஒழுங்குமுறையில் தனியாகத் தொகுக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் சில பக்கங்களே கொண்ட அந்த ஆவணத்தை, எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால், ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள். பள்ளியின் விற்பனைப் பிரிவில் உங்களுக்குச் சொல்லப்படுவதில் எது சட்டம், எது அவர்களுடைய வசதி என்பது அதைப் படித்தால் விளங்கிவிடும்.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிட வேண்டும். முதலாவது, பிரிட்டன். 2020 டிசம்பர் 31 உடன் பிரிட்டன் இந்த அமைப்பிலிருந்து வெளியேறிவிட்டது. இன்று பிரிட்டிஷ் உரிமம் இயாசா நாடுகளுக்கு இந்திய உரிமத்தைப் போலவே ஒரு வெளிநாட்டு உரிமம். அதேபோல, இயாசா உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிரிட்டனில் பதிவான விமானத்தை ஓட்ட முடியாது. லண்டனில் தளம் கொண்ட வேலையே உங்கள் குறி என்றால், நீங்கள் படிக்க வேண்டிய விதிகள் வேறு. இரண்டாவது, அமெரிக்கா. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 2021ஆம் ஆண்டிலிருந்து உரிமங்களை எளிதாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அது தனியார் உரிமத்துக்கும் அதனோடு சேர்ந்த சில ரேட்டிங்குகளுக்கும் (உரிமத்தில் சேர்க்கப்படும் கூடுதல் தகுதிகள்) மட்டுமே பொருந்தும். அமெரிக்காவில் பயிற்சி பெற்ற நம் பிள்ளைகள் பலர் எஃப்ஏஏ சிபிஎல்லுக்கும் அந்தச் சலுகை உண்டு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை.

உங்கள் மணிக்கணக்கு எந்தப் பாதையைக் காட்டுகிறது?

மூன்று பாதைகள் உள்ளன. அவற்றுள் எது உங்களுடையது என்பதை உங்கள் விருப்பத்தைவிட பறந்த மணிகளைப் பதிந்து வைக்கும் உங்கள் லாக்புக்தான் தீர்மானிக்கும்.

முதல் பாதை, வேலிடேஷன் எனப்படும் தற்காலிக ஏற்பு. உங்கள் இந்திய உரிமத்தையே ஓர் ஐரோப்பிய நாடு அதிகபட்சம் ஓராண்டுக்கு ஏற்றுக்கொள்ளும். பல-விமானி விமானத்தில் வணிகப் பறப்புக்கு இதைப் பெற ஸ்கில் டெஸ்ட் எனப்படும் பறந்து காட்டும் தேர்வு, ஐரோப்பிய முதல் வகுப்பு மெடிக்கல், இயக்க விதிகள் பற்றிய அறிவு, ஆங்கிலத் தகுதி ஆகியவற்றோடு, பல-விமானி விமானங்களில் 1,500 மணிக்கு மேல் அனுபவமும் தேவை. கேப்டனாக ஓட்ட வேண்டுமென்றால் அந்த 1,500 மணியும் கேப்டனாகப் பறந்ததாக இருக்க வேண்டும். நீங்கள் முழு உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தாலோ, அதற்கான பயிற்சியில் இருந்தாலோ மட்டுமே ஒரே ஒருமுறை காலம் நீட்டிக்கப்படும். ஒரு விமான நிறுவனம் அவசரத் தேவைக்காக உங்களை அழைத்து, விண்ணப்ப வேலையைத் தானே முன்னின்று செய்யும்போது பயன்படும் வழி இது. தனி ஆளாகக் கிளம்புகிறவர் இதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

இரண்டாவது பாதை, ஏற்கெனவே ஏடிபிஎல் வைத்திருப்பவருக்கானது. ஐரோப்பிய ஏடிபிஎல்லுக்குத் தேவையான அனுபவம் முழுமையாக இருந்து, இந்திய உரிமத்தில் ஸ்கில் டெஸ்ட் எடுக்கப்போகும் விமானத்தின் டைப் ரேட்டிங்கும் (அந்தக் குறிப்பிட்ட விமான மாதிரியை ஓட்டும் தகுதி) செல்லுபடியாகும் நிலையில் இருந்தால், தியரி வகுப்புகளுக்குப் போக வேண்டிய கட்டாயத்திலிருந்தும், பறப்புப் பயிற்சி வகுப்பிலிருந்தும் முழு விலக்குக் கிடைக்கும். தேர்வுகளிலிருந்து விலக்குக் கிடையாது. 13 தாள்களை எழுதி, ஸ்கில் டெஸ்டில் தேறினால் நேராக ஏடிபிஎல் கைக்கு வரும்.

மூன்றாவது பாதையில்தான் பெரும்பாலான இளைஞர்கள் இருக்கிறார்கள். 200 மணி முதல் சில நூறு மணி வரை, இந்திய சிபிஎல், கருவிகளை மட்டும் வைத்துப் பறப்பதற்கான பல-எஞ்சின் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். இவர்கள் அனுமதி பெற்ற பயிற்சி நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். அந்த நிறுவனம் உங்களைச் சோதித்துப் பார்த்து, இவருக்கு இத்தனை மணிப் பயிற்சி போதும் என்று பரிந்துரை எழுதும். அதை வைத்து அந்த நாட்டின் விமானத் துறை எவ்வளவு சலுகை தருவது என்று முடிவெடுக்கும். பரிந்துரை பள்ளியுடையது, முடிவு அரசுடையது. ஆகவே “மூன்றே வாரத்தில் கன்வெர்ஷன் முடித்துத் தருகிறோம்” என்று உங்களைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லும் பள்ளியிடம், அந்த நாட்டுத் துறை எழுத்தில் தந்த ஒப்புதலைக் காட்டச் சொல்லுங்கள்.

நாட்டைத் தேர்ந்தெடுத்தல்

விதி ஒன்றே என்றாலும் அலுவலகங்கள் ஒன்று போல இல்லை. ஓர் உரிமத்துக்கான எல்லாத் தேர்வுத் தாள்களையும் ஒரே நாட்டின் பொறுப்பில்தான் எழுத வேண்டும்; ஐந்து தாளை ஆஸ்திரியாவிலும் எட்டுத் தாளை மால்ட்டாவிலும் எழுத முடியாது. ஒரே வகை விமானத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு பார்ட்-எஃப்சிஎல் உரிமம்தான் வைத்திருக்கலாம். பின்னாளில் உரிமத்தை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது என்றாலும், அதற்கு மருத்துவக் கோப்பும் சேர்ந்து பயணப்பட வேண்டும். எனவே முதல் தேர்வுக்குப் பதிவு செய்யும் நாளிலேயே நாட்டை முடிவு செய்துவிட வேண்டும்.

அயர்லாந்து, மால்ட்டா போன்ற நாடுகளில் ஆங்கிலமே அலுவல் மொழி என்பது பெரிய வசதி. ஜெர்மனியில் உரிமம் பெறுவதென்றால், விமானப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நம்பகத்தன்மைச் சோதனை என்று தனியாக ஒன்று உண்டு. அங்கே வசித்திராத ஒருவருக்கு அது கூடுதல் காகித வேலை. தேர்வுகள் ஆண்டுக்கு எத்தனை முறை, எந்த ஊரில், வெளிநாட்டவருக்கு இடம் கிடைக்குமா, ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் வர எத்தனை வாரம் என்ற கேள்விகளை அந்தத் துறைக்கே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பதில் எவ்வளவு விரைவாக, எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதே அடுத்த ஈராண்டுக்கு அவர்களோடு உங்கள் அனுபவம் எப்படி இருக்கும் என்பதைக் காட்டிவிடும்.

மெடிக்கல் முதலில்

பணத்தைச் சேமிக்கும் ஒரே ஆலோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்: வேறு எதற்கும் பணம் கட்டாமல் முதல் வகுப்பு மெடிக்கலை முடியுங்கள். இந்திய மெடிக்கல் இங்கே செல்லாது. முதன்முறை எடுக்கும் முதல் வகுப்புச் சோதனையைத் தனி மருத்துவர் செய்ய முடியாது. அனுமதி பெற்ற விமான மருத்துவ மையத்தில்தான் செய்ய வேண்டும், அவை பெரும்பாலும் ஐரோப்பாவிலேயே இருக்கின்றன. ஈசிஜி எனப்படும் இதய மின்பதிவு, செவித்திறன், விரிவான கண் பரிசோதனை, சிறுநீர், இரத்தம் ஆகியவற்றோடு, முதல் சோதனையில் போதைப்பொருள், மதுச் சோதனையும், மனநல மதிப்பீடும் கட்டாயம். மனநல மதிப்பீட்டை இவ்வளவு அழுத்தமாக விதியில் சேர்த்தது 2015இல் துணை விமானியே வேண்டுமென்று விமானத்தை மோதவிட்ட ஜெர்மன்விங்ஸ் விபத்துக்குப் பிறகுதான். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மறைத்துவிட்டுப் பின்னால் வெளிப்படுவதுதான் ஆபத்து.

நிறப்பார்வையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் சிலர் எதிர்பாராமல் தடுக்கி விழுகிறார்கள். 24 தட்டுகள் கொண்ட இஷிஹாரா புத்தகத்தில் முதல் 15 தட்டுகளைப் பிழையில்லாமல் படிக்க வேண்டும். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சில நொடிக்குள் சொல்ல வேண்டும். தயங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்து, பிறகு சொல்வதை மருத்துவர் கவனிப்பார். தவறினால் கதவு உடனே மூடிவிடுவதில்லை. அனோமலோஸ்கோப் போன்ற கருவியில் மேற்கொண்டு சோதித்து, நிறங்களைப் பாதுகாப்பாகப் பிரித்தறிய முடிகிறது என்று தெரிந்தால் மெடிக்கல் கிடைக்கும். கண்ணாடி அணிபவர்கள் கடைசி மருந்துச்சீட்டையும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவமனை அறிக்கையின் ஆங்கிலப் பிரதியையும் கையோடு கொண்டுபோக வேண்டும். ஓர் அறிக்கை இல்லாததால் இரண்டாம் முறை விமானச்சீட்டு எடுத்துப் போனவர்களை எனக்குத் தெரியும்.

13 தாள்கள்

விமானச் சட்டம், விமானக் கட்டமைப்பும் அமைப்புகளும், கருவியியல், எடையும் சமநிலையும், செயல்திறன், பறப்புத் திட்டமிடல், மனிதச் செயல்திறன், வானிலையியல், பொது நேவிகேஷன், ரேடியோ நேவிகேஷன், இயக்க நடைமுறைகள், பறப்புக் கோட்பாடுகள், தகவல்தொடர்பு. ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை, ஆகவே எந்தக் கேள்வியையும் வெறுமனே விட்டுவிட்டு வரக் கூடாது.

மதிப்பெண்ணைவிட நாட்காட்டிதான் இங்கே அதிகம் பேரை வீழ்த்துகிறது. முதல் தாள் எழுதிய மாதத்தின் கடைசி நாளிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாத் தாள்களிலும் தேற வேண்டும். உதாரணமாக, மார்ச் 10 அன்று முதல் தாளை எழுதினால், கணக்கு மார்ச் 31 அன்று தொடங்கி அடுத்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று முடிகிறது. ஒரு தாளை அதிகபட்சம் 4 முறை எழுதலாம். நான்காம் முறையும் தவறினாலோ, 18 மாதம் கடந்துவிட்டாலோ, தேறிய தாள்களையும் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். எல்லாம் தேறிய பிறகு சிபிஎல்லையும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் வாங்க 36 மாதம் அவகாசம் உண்டு. அவற்றை வாங்கிவிட்டால், ஏடிபிஎல் வாங்குவதற்கு அந்தத் தேர்ச்சி, உரிமத்தில் உள்ள இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் கடைசியாகச் செல்லுபடியான நாளிலிருந்து 7 ஆண்டு வரை உயிரோடு இருக்கும். சிபிஎல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், ஏடிபிஎல் தியரி மூன்றும் கையில் இருந்து மணிக்கணக்கு மட்டும் நிரம்பாத இந்த நிலையைத்தான் ஃப்ரோஸன் ஏடிபிஎல் என்கிறார்கள்.

முழு ஏடிபிஎல் தியரி வகுப்பு 650 மணி நேரம் கொண்டது. தொலைநிலைக் கல்வியாகப் படித்தாலும் அதில் ஒரு பகுதியை நேரில் வகுப்பறையில் இருந்துதான் முடிக்க வேண்டும். மூன்றாம் பாதையில் இருப்பவர்களுக்கு இந்த மணிகளில் சலுகை கிடைக்கலாம். இரண்டாம் பாதையில் இருப்பவர்கள் வகுப்புக்கே போக வேண்டியதில்லை. ஆனால் அந்த விலக்கு ஒரு பொறியும்கூட. வேலையில் இருந்துகொண்டு, விடுமுறையில் வினா வங்கியை மட்டும் மனப்பாடம் செய்து தேறிவிடலாம் என்று அனுபவமுள்ள கேப்டன்கள் நினைக்கிறார்கள். ஐரோப்பிய மைய வினா வங்கி அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. மனப்பாடம் செய்த கேள்வியின் எண்கள் மாறி வரும்போது, அடிப்படை தெரியாதவரின் கை நின்றுவிடும். பாடத்தைப் படித்துவிட்டு வினா வங்கிக்குப் போங்கள். முதலில் வினா வங்கி என்ற வரிசை வேண்டாம்.

டிஜிசிஏ தேர்வுகளை நன்றாக எழுதியவர்களும் தடுமாறும் இடங்கள் மூன்று. சட்டத் தாளில் நமக்குப் பழக்கமான 1937ஆம் ஆண்டு விமான விதிகளுக்கு இடமில்லை. அங்கே கேட்கப்படுவது சர்வதேச இணைப்புகளும், செரா எனப்படும் ஐரோப்பியப் பொது வான் விதிகளும், பார்ட்-எஃப்சிஎல்லும். வானிலையில், பருவமழையையும் வங்கக் கடல் புயலையும் கரைத்துக் குடித்தவருக்கு வெப்ப முகப்பும் குளிர் முகப்பும் ஒன்றையொன்று துரத்தும் ஐரோப்பியக் குளிர்காலம் புதிது. ஆட்ரியாட்டிக் கரையில் மலையிலிருந்து இறங்கும் போரா, ரோன் பள்ளத்தாக்கில் வீசும் மிஸ்ட்ரல், ஆல்ப்ஸின் மறுபக்கத்தில் காற்றை உலர்த்திச் சூடாக்கும் ஃபோன் ஆகிய காற்றுகளை வரைபடத்தோடு படிக்க வேண்டும். பனிப்படிவைப் பற்றிய கேள்விகள் மேகத்தின் வகை, வெப்பநிலை, துளியின் அளவு என்று உள்ளே உள்ளே போகும். மூன்றாவது, செயல்திறன். சட்ட வரையறைகளை எண்ணளவில் கேட்பார்கள்: பெரிய ஜெட் விமானங்கள் அடங்கும் ஏ வகுப்புக்கு புறப்பாட்டுத் தூரத்தின் முடிவில் விமானம் எட்ட வேண்டிய திரை உயரம் 35 அடி, சிறிய புரொப்பெல்லர் விமானங்களின் பி வகுப்புக்கு 50 அடி. இரண்டையும் மாற்றிப் போட்டால் அதன் பின்னால் வரும் கணக்கு முழுவதும் கோணலாகிவிடும்.

தாள்களை மூன்று அல்லது நான்கு தொகுதிகளாகப் பிரித்து எழுதுவது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவருகிறது. பொது நேவிகேஷனையும் பறப்புத் திட்டமிடலையும் ஒரே தொகுதியில் வையுங்கள், ஒன்றின் பயிற்சி மற்றதற்கு உதவும். சட்டத்தையும் இயக்க நடைமுறைகளையும் அவ்வாறே. கணக்குத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

லாக்புக்: வீட்டிலேயே செய்து முடிக்க வேண்டிய வேலை

ஐரோப்பிய ஏடிபிஎல்லுக்குத் தேவையான 1,500 மணி ஒரே மூட்டையாகக் கேட்கப்படுவதில்லை. அதற்குள் 500 மணி பல-விமானி இயக்கத்தில் இருக்க வேண்டும். கமாண்டராக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக, 250 மணி, அல்லது இன்னொரு கமாண்டரின் மேற்பார்வையின் கீழ் கமாண்டராக 500 மணி, அல்லது குறைந்தது 70 மணி கமாண்டராகவும் மீதி மேற்பார்வையின் கீழுமாக 250 மணி வேண்டும். தொலைதூரப் பறப்பு 200 மணி, அதில் 100 கமாண்டராகவோ மேற்பார்வையின் கீழோ. கருவிப் பறப்பு 75 மணி, அதில் தரையிலுள்ள பயிற்சிக் கருவியில் 30க்கு மேல் கூடாது. இரவில் 100 மணி. சிமுலேட்டர் மணிகளில் 100 வரைதான் மொத்தத்தில் சேரும்.

இந்த வரையறைகள் எஃப்ஏஏ லாக்புக்கோடு ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் இரண்டு பேர் ஒரே பறப்புக்குக் கமாண்டர் நேரம் எழுதிக்கொள்ளும் சூழ்நிலைகள் உண்டு. ஐரோப்பாவில் ஒரு பறப்புக்கு ஒரு கமாண்டர்தான். கருவிப் பறப்புப் பயிற்சிக்காகக் கண்மறைப்பு அணிந்து பறந்தவருக்குத் துணையாக உட்கார்ந்து சேர்த்த மணிகளை இங்கே கழித்துவிடுவார்கள். நீண்டதூர விமானங்களில் மாற்று விமானியாகப் போனவர், விமானி இருக்கையில் அமர்ந்திருந்த நேரத்தை மட்டுமே துணை விமானி நேரமாகக் காட்டலாம். ஓய்வறையில் படுத்திருந்த நேரம் கணக்கில் வராது.

மேற்பார்வையின் கீழ் கமாண்டராகப் பறந்த ஒவ்வொரு வரிக்கும் அன்றைய கமாண்டரின் கையெழுத்து வேண்டும். என் லாக்புக்கில் அப்படிப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள் கையெழுத்தில்லாமல் கிடந்தன. பறந்த அன்று கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. கேட்கக் கூச்சப்பட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு, அந்தக் கேப்டன் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டிருந்தார். அவர் வீட்டுக்கே போனேன். “அன்னைக்கே நீட்டியிருக்கலாமேப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து தம்முடைய பழைய லாக்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு, தேதி, விமானப் பதிவெண், புறப்பட்ட நேரம் என்று வரி வரியாக ஒத்துப் பார்த்துச் சரியாக இருந்தவற்றில் மட்டும் கையெழுத்திட்டார். இரண்டு வரிகள் ஒத்துவரவில்லை, அவற்றைத் தொடவில்லை. அந்த மாலை எனக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்காது. ஆகவே இன்று இரவே உங்கள் லாக்புக்கைத் திறந்து, மேலே சொன்ன ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பத்தி வைத்து விரிதாளில் கூட்டிப் பாருங்கள். குறைவது எது என்று தெரிந்தால், இருக்கும் வேலையிலேயே அதை நிரப்பிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

இதோடு, டிஜிசிஏ உங்கள் உரிமம் உண்மையானதுதான், அதன் மீது நடவடிக்கை எதுவும் இல்லை என்று ஐரோப்பியத் துறைக்கு நேரடியாக உறுதி செய்ய வேண்டும். உங்கள் கை வழியாக வரும் கடிதம் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. தேர்வுகள் முடியும்வரை காத்திராமல், தேர்வுகளுக்கு நடுவிலேயே இந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

பறந்து காட்டுதல்

இரண்டாம் பாதையில் இருப்பவருக்கு ஸ்கில் டெஸ்ட் பெரும்பாலும் அவருடைய விமானத்தின் முழுப் பறப்பு சிமுலேட்டரில் நடக்கும். அந்த சிமுலேட்டருக்கு ஐரோப்பிய அங்கீகாரம் இருக்க வேண்டும், தேர்வாளருக்கும் அவ்வாறே.

மூன்றாம் பாதையில் மூன்று பகுதிகள் வரும்: பல-எஞ்சின் வகுப்பு ரேட்டிங் (அந்தப் பிரிவு விமானங்களை ஓட்டும் தகுதி), சிபிஎல் ஸ்கில் டெஸ்ட், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். இந்திய உரிமத்தில் உள்ள வகுப்பு ரேட்டிங்கை அப்படியே சேர்க்க அந்த வகுப்பில் 100 மணி வேண்டும். இந்தியாவில் பல-எஞ்சினில் மிகக் குறைந்த மணிகளே பறந்த இளைஞர்களுக்கு அது இருக்காது என்பதால், வகுப்பு ரேட்டிங் பயிற்சியை இங்கே எடுக்க நேரிடும். சட்டப்படி அது குறைந்தது 6 மணி, அதில் மூன்றரை மணி எஞ்சின் நின்றுபோன நிலையில் ஓட்டும் பயிற்சி. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு ஒரு நல்ல சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பார்ட்-எஃப்சிஎல் உரிமம் ஒன்று கைக்கு வந்த பிறகு, செல்லுபடியாகும் வெளிநாட்டு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும், கமாண்டராக 50 மணி ஐஎஃப்ஆர் (கருவிப் பறப்பு விதிகளின்படி பறந்த) அனுபவமும் இருந்தால், திறன் அடிப்படையிலான பயிற்சி வகுப்பு முழுவதிலிருந்தும் விலக்குப் பெற்று நேராக ஸ்கில் டெஸ்டுக்கு உட்காரலாம்.

அந்தத் தேர்வில் தேர்வாளர் பார்ப்பது அழகை இல்லை, எல்லைகளை. உயரத்தில் 100 அடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. இரண்டு எஞ்சினும் ஓடும்போது திசை 5 பாகைக்குள், ஒன்று நின்றதுபோல் பாவிக்கும்போது 10 பாகைக்குள். முடிவெடுக்கும் உயரத்தில் கோ-அரவுண்டைத் (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவதை) தொடங்கும்போது 50 அடி மேலே இருக்கலாம், ஓர் அடியும் கீழே போகக் கூடாது. மேகத்துக்குள் இருப்பதுபோல் வெளியே தெரியாதபடி மறைத்துவிட்டு, ஏறிக்கொண்டிருக்கும்போது தேர்வாளர் ஒரு பக்கத்து பவர் லீவரை மெல்லப் பின்னுக்கு இழுப்பார். மூக்கு ஒரு பக்கம் திரும்பும். கால் தானாக ரட்டரை அழுத்தி நேராக்கும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் நின்றிருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லி, உறுதிப்படுத்தி, பிறகுதான் லீவரைத் தொட வேண்டும். வேகமாகச் செய்து தவறான எஞ்சினை அணைக்கப் போகிறவர் அந்த நொடியிலேயே தோற்றுவிடுகிறார். நிதானமாகச் செய்கிறவருக்குத் தேர்வாளரே நேரம் தருவார்.

உரிமம் கிடைத்ததும் வேலைக்கு விண்ணப்பிக்கத் தயார் என்று பொருளில்லை. பல-விமானி விமானத்தின் முதல் டைப் ரேட்டிங்குக்கு முன்னால், பல-விமானி ஒத்துழைப்பு வகுப்பான எம்சிசியும், 2019 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள மேம்பட்ட யூபிஆர்டியும் தேவை. யூபிஆர்டி என்பது விமானம் கட்டுப்பாடிழந்த நிலைக்குப் போவதைத் தடுக்கவும், போனால் மீட்கவும் தரும் பயிற்சி; குறைந்தது 5 மணி தியரி, 3 மணி உண்மையான விமானத்தில். சிமுலேட்டரில் உணர முடியாத ஈர்ப்பு விசையை உடலால் உணர்வதற்கான பயிற்சி என்பதால் இதில் மட்டும் செலவைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

டைப் ரேட்டிங் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதை ஐரோப்பிய உரிமத்தில் சேர்க்க, அந்த டைப்பில் குறைந்தது 500 மணி பறந்திருக்க வேண்டும், தற்போதும் பறந்துகொண்டிருக்க வேண்டும், ரேட்டிங் செல்லுபடியாக இருக்க வேண்டும், ஸ்கில் டெஸ்டில் தேற வேண்டும். 480 மணியோடு வேலையை விட்டுவிட்டு வருபவர் வகுப்பை முதலிலிருந்து எடுக்க நேரிடும். அந்த 20 மணிக்காக இரண்டு வாரம் பொறுத்துக்கொள்வது மேல்.

ஆங்கிலத் தகுதியை, நீங்கள் தேர்ந்தெடுத்த நாட்டின் துறை ஏற்கும் மையத்தில் எழுதுங்கள். நான்காம் நிலை 4 ஆண்டும், ஐந்தாம் நிலை 6 ஆண்டும் செல்லும். ஆறாம் நிலைக்குக் காலவரை இல்லை. சில நாடுகள் ரேடியோ டெலிபோனி சான்றைத் தனியாகவும் கேட்கும்.

வேலையும் விசாவும்

உரிமம் பறக்கும் தகுதியைத் தருமே தவிர, ஐரோப்பாவில் வாழவும் வேலை செய்யவும் உரிமை தராது. விமான நிறுவனங்களின் விளம்பரங்களில் ‘ஐரோப்பிய ஒன்றியத்தில் தடையின்றி வசிக்கவும் பணிபுரியவும் உரிமை’ என்ற வரி அடிக்கடி இருக்கும். 250 மணி அனுபவமுள்ள இந்தியக் குடிமகனின் விண்ணப்பம் பெரும்பாலும் அந்த வரியிலேயே நின்றுவிடுகிறது. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருந்தாலும், பெற்றோர் நிலத்தை அடகு வைத்துப் பணம் அனுப்பும் வீடுகளை நினைத்துச் சொல்லியே ஆக வேண்டும். ஐரோப்பியக் குடியுரிமையோ, வாழ்க்கைத்துணை வழியாக வந்த வசிப்புரிமையோ உள்ளவர்கள், அல்லது நிறுவனங்கள் தேடுகிற டைப்பில் சில ஆயிரம் மணியும் கமாண்டர் அனுபவமும் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தச் செலவு பொருளுடையது. பின்னவர்களுக்கு நிறுவனமே வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பது உண்டு. மற்றவர்கள் வேலை உரிமைக்கான வழியைக் கண்டுபிடித்த பிறகு தேர்வுக்குப் பதிவு செய்வது நல்லது.

கடைசியாக ஒன்று. இந்தப் பயணம் ஓராண்டிலிருந்து இரண்டரை ஆண்டு வரை எளிதாக இழுத்துக்கொண்டு போகும். அந்தக் காலம் முழுவதும் இந்திய உரிமத்தையும், இந்திய மெடிக்கலையும், இன்ஸ்ட்ருமென்ட், டைப் ரேட்டிங்குகளையும் காலாவதியாக விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். மேலே சொன்ன சலுகைகளில் பெரும்பாலானவை ‘செல்லுபடியாகும்’ ரேட்டிங் உள்ளவருக்கே கிடைக்கும். 13 தாளும் தேறி, மெடிக்கலும் கையில் இருந்து, ஸ்கில் டெஸ்ட் நாளன்று இந்திய ரேட்டிங் முந்தைய வாரம் முடிந்துபோயிருந்தால், தேர்வாளரால் உங்களுக்கு எதுவும் செய்ய முடியாது. புதுப்பிக்க வேண்டிய தேதிகளை ஒரு தாளில் எழுதி, படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.